ஓனர் பார்ட்டி

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க தம்பி. வீட்டு விளம்பரந்தான பாக்கிறீங்க? பேனாவால வட்டம் வேற போட்டு வச்சிருக்கீங்க. எங்க, காட்டுங்க. 'தனி வீடு, உரிமையாளர் நேரடி விற்பனை, இடைத்தரகர்கள் தேவையில்லை.' தேவையில்லையாம்! ஈ, கொசு, கரப்பான், இடைத்தரகர். மருந்தடிச்சு விரட்ட வேண்டிய கூட்டம் நாங்க.

ஆமா, நான் புரோக்கர்தான். அதுக்கு ஏன் தள்ளி உக்காருறீங்க? நல்லா உக்காருங்க. உங்ககிட்ட எதையும் விக்கப்போறதில்ல. பஸ் டிரைவர் இப்பத்தான் டீக்கடைக்குப் போறாரு, வடை சாப்பிட்டு வெத்தலை போட்டுட்டுத்தான் ஏறுவாரு. அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்றேன். ஓனரும் வாங்குறவனும் நேருக்கு நேராப் பேசிக்கிட்டா நடுவுல இருக்கிறவன் வயித்துல எப்படி மண்ணு விழும்ங்கிறதை நீங்களும் தெரிஞ்சுக்கணும்ல. எனக்கு மண்ணைப் போட்டது யாரோ எவனோ இல்ல தம்பி. என் பொண்டாட்டி. தாலி கட்டின பொண்டாட்டி.

சிரிக்காதீங்க. சிரிக்கிற விஷயமா இது?

எம்பேரு தவசிலிங்கம். செல்லூர்ல போயி பைக் தவசின்னு கேட்டுப் பாருங்க. பழைய வண்டி வாங்கி விக்கிற கடை வச்சிருந்தேன். ஏழாங்கிளாஸுக்கு மேல பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரல. பேரந்தான் என் படிப்பு. ஒருத்தன் வண்டியச் சுத்தி வர்ற தினுசை வச்சே இவன் எங்க வந்து நிப்பான்னு சொல்லிருவேன். முதல்ல டயரை உதைக்கிறவன் வாங்க மாட்டான். சீட்டைத் தடவுறவன் வாங்கிருவான். என்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சேன்னு சொல்ற ஆளு அந்த ஏரியாவுலயே கிடையாது. அப்படி நெனச்சுக்கிட்டுப் போனவன் வேணா நெறையப் பேர் இருக்கான்.

அந்தக் கடையும் போச்சு. ரோட்டை அகலப்படுத்துறேன்னு முன்பக்கத்தை இடிச்சான். பின்பக்கத்தை வச்சு ஓட்டலாம்னு பாத்தா, புது வண்டிக்கே முன்பணம் வேண்டாம்னு கொடுக்க ஆரம்பிச்சிட்டான். அப்புறம் பழசை எவன் பாப்பான்? சேவுகன்னு ஒரு வட்டிக்காரரு, அவர்கிட்ட வாங்கித்தான் சரக்கு எடுத்து வச்சிருந்தேன். சரக்கு மழையில நின்னு துருப்பிடிச்சது. வட்டி துருப்பிடிக்குமா?

சரி, முதல் இல்லாத தொழில் எதுடான்னு பாத்தேன். போன் இருக்கு, வண்டி இருக்கு, வாய் இருக்கு. வீடு, மனை புரோக்கர்னு இறங்கிட்டேன். விளாங்குடி டீக்கடையில காசிராஜன்னு ஒரு ஆளு, இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன். அவன் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கிட்டிருந்தேன். வாங்குறவன் ஒரு பார்ட்டி, விக்கிறவன் ஓனர் பார்ட்டி. இந்தப் பக்கம் ரெண்டு பர்சென்ட், அந்தப் பக்கம் ரெண்டு பர்சென்ட். கெட்டிக்காரனா இருந்தா ஓனர்கிட்ட ஒரு விலை, வாங்குறவன்கிட்ட ஒரு விலை, நடுவுல மேல வச்சு எடுத்துக்கலாம். "எல்லாம் சரிண்ணே, இதுல சூட்சுமம் என்ன?"ன்னு கேட்டேன். காசிராஜன் டீ கிளாஸைக் கீழ வச்சிட்டுச் சொன்னான்: "ரெண்டு பேரையும் ஒரு இடத்துல உக்கார விடாத. உக்காந்தாங்கன்னா உனக்கு அங்க சேர் கிடையாது."

அம்புட்டுத்தான் தொழிலு.

ஆனா பட்டாத்தான புத்தி வரும்? கூடல்நகர்ல ஒரு மாடி வீடு. வாங்குறவரு ரெண்டு தடவை வந்து பாத்தாரு, சம்சாரத்தக் கூட்டிட்டு வந்து பாத்தாரு, எல்லாம் பிடிச்சுப்போச்சு. நான் வெயிலா இருக்கேன்னு எல்லாருக்கும் சர்பத் வாங்கப் போனேன். என் சொந்தக் காசுல தம்பி. திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு கண்டுபிடிச்சு, நம்பரை மாத்திக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கிறாங்க. மறுநாள் போன் போட்டா, "வாஸ்து சரியில்லண்ணே, விட்ருவோம்." சரின்னு விட்டேன். பிறகு ஒருநாள் அதே தெருவுல வேற பார்ட்டியக் கூட்டிட்டுப் போறேன், அந்த வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கு. பால் காய்ச்சுறாங்க! என்னைப் பாத்துட்டு அந்தாளு கூச்சநாச்சம் இல்லாம, "வாங்கண்ணே, கேசரி சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு தட்டை நீட்டுறான். தட்டோட வாங்கி விட்டெறிஞ்சேன் பாருங்க, பந்தக்கால்ல பட்டு கேசரி ஒட்டிக்கிச்சு. அன்னைக்கி நான் கூட்டிட்டுப் போன பார்ட்டியும் பயந்து ஓடிட்டான்.

அன்னையிலேருந்து ரெண்டு பார்ட்டியையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க விடறதில்ல. ஓனர் இருக்கிற நேரம் வாங்குறவனைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். ஓனர் பேரைக் கேட்டா வேற பேர் சொல்லுவேன். இருந்தும் ஒரு டீல் முடியல. ஒண்ணு வில்லங்கத்துல நின்னுச்சு. ஒண்ணு அண்ணன் தம்பி சண்டையில நின்னுச்சு. ஒண்ணு ஓனரே செத்துப்போயிட்டாரு, நான் என்ன பண்றது?

வீட்டுல கேஸ் தீர்ந்தா விறகடுப்பு. என் பொண்டாட்டி இந்திராணி, பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். நாலு கிளாஸ் புள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுத்துட்டு வந்து, வீட்டுல ஒரு முட்டைய உடைச்சு மூணு பேருக்குக் கலக்குவா. வளையல் போச்சு, தோடு போச்சு. நான் என்ன குடிச்சா அழிச்சேன்? பெட்ரோல் போட்டேன். வீடு காட்டுறதுன்னா சும்மாவா? வர்றவனுக்கு டீ, வடை, அவன் போன் தீர்ந்துபோனா சார்ஜ். ஒரு டீல் முடிஞ்சா போதும், ஒரே ஒரு டீல். அந்தக் கமிஷனைக் கொண்டுபோயி அவ கையில வச்சு, "இந்தாடி, பாரு"ன்னு நிமிந்து நிக்கணும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நெஜமா வேற எதுவுமே இல்ல.

சேவுகன் வர ஆரம்பிச்சாரு. சத்தம் போட்டாக்கூடத் தேவலை. வாசல்ல வண்டிய நிறுத்தி அதுமேல உக்காந்துக்கிட்டு வேர்க்கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டே இருப்பாரு. பொட்டலம் முடிஞ்சதும் போயிருவாரு. தெருவே பாக்கும். அவரு போனதும் இந்திராணி விளக்குமாத்தை எடுத்துட்டு வந்து தோலைக் கூட்டி அள்ளுவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வரும். பேசித் தொலையேன்டின்னு கத்துவேன். அதுக்கும் பேச மாட்டா.

அப்பத்தான் தம்பி, எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ஊருல இருக்கிறவன் வீட்டையெல்லாம் விக்க நாயா அலையறமே, நாம குடியிருக்கிறதும் வீடுதான? ரெண்டே முக்கால் சென்ட், கீழ ரெண்டு ரூம், போர் தண்ணி, கிழக்குப் பாத்த வாசல். பத்திரம் அவ பேருல. அவங்க அப்பா காத்தமுத்து மில்லுல ஃபிட்டர், ரிட்டயர்டு பணத்துல கட்டி, மருமகனை நம்பாம மக பேருல எழுதி வச்சாரு. என்ன புத்தி பாருங்க. எம்பேருல எழுதியிருந்தா நான் எப்பவோ வித்துக் கடனை முடிச்சிருப்பேன், இம்புட்டு வட்டி ஏறியிருக்குமா?

அவகிட்ட சொன்னேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. அழுவா, அப்பன் வீடும்பான்னு நெனச்சேன். அவ கீரையக் கீழ வைக்கல. "வித்துருவோம். கடனைக் கட்டிட்டு, மிச்சத்த ஓவியா படிப்புக்குப் போட்டுருவோம். ஒரு வாடகை வீட்டுல மூணு பேரும் நிம்மதியாத் தூங்குவோம்"னா. ஓவியா எங்க பொண்ணு, பன்னெண்டாவது. அப்புறம் கேட்டா, "எவ்வளவு வரும்?"

அந்நேரம் எங்கிட்ட ஒரு பார்ட்டி இருந்தாரு. ஆசீர்வாதம்னு கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. கையில பணம் ரெடி. அந்தத் தெருவுல அப்படி ஒரு வீடு கிடைச்சா நாப்பத்தொண்ணு லட்சம் வரைக்கும் வர்றேன்னு சொல்லியிருந்தாரு.

"முப்பத்திநாலு வரும்"னு சொன்னேன்.

இல்ல தம்பி, அப்படிப் பாக்காதீங்க. நான் யோசிச்சுச் சொல்லல. தொழில் வாய்க்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஓனர் விலை கேட்டா மேல வைக்கிறதைக் கழிச்சுத்தான் சொல்லணும். பத்திரம் யார் பேருல இருக்கோ அவங்க ஓனர் பார்ட்டி. பொண்டாட்டின்னு அதை மாத்த முடியுமா? அந்த ஏழு லட்சம் எனக்கா? நானா தின்னுட்டு ஏப்பம் விடப்போறேன்? சமயநல்லூர் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் போட்டு, கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டா, வருசம் முடியிறதுக்குள்ள அவளுக்கே அதைவிடப் பெரிய வீடு. கொண்டுபோயி நிறுத்தி, "உனக்குத்தான்டி"ன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவளுக்குத் தெரியாம அவளுக்கே செய்யிற நல்லது. எத்தனை புருசன் செய்வான்?

அவ, "அவ்வளவுதானா? சரி"ன்னா.

ஆசீர்வாதம் சாரைக் கூட்டிட்டு வந்தேன். இந்திராணி பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாப் பாத்துத்தான். ஓனரம்மா வெளியூர்ல இருக்காங்க, யாரையும் பாக்கப் பிடிக்காது, எல்லாம் எம்பொறுப்புலதான் விட்டிருக்காங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். கதவைத் திறந்தா ஓவியா படுத்திருக்கா, காய்ச்சல்னு லீவு போட்டிருக்கா. எனக்கு ஞாபகமே இல்ல. சார் பாத்துட்டு, "இந்தப் பாப்பா யாரு?"ன்னாரு. சட்டுன்னு சொன்னேன், "வாடகைக்கு இருக்கவங்க பொண்ணு சார். சொன்னா உடனே காலி பண்ணிருவாங்க, தங்கமான ஆளுக."

அந்தப் புள்ள என்னைப் பாத்துச்சு. போர்வையச் சுத்திக்கிட்டு எந்திரிச்சு, சாருக்கு வழிவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் போயி நின்னுக்கிச்சு. அவங்க அம்மாகிட்டகூட மூச்சு விடல. ஆஹா, புள்ளைக்கு நம்ம தொழில் பிடிபட்டுப்போச்சுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. அடுத்த நாள் புரோட்டா வாங்கிட்டுப் போயி கொடுத்தேன். பசிக்கலப்பான்னு சொல்லிருச்சு. காய்ச்சல் வாய், கசக்கும்ல.

டீல் கூடி வந்துச்சு தம்பி. முதல் டீல்! சாருக்கு வீடு பிடிச்சுப்போச்சு, நாப்பத்தொண்ணுக்கு ஒத்துக்கிட்டாரு. அக்ரிமென்ட் எழுத நாள் பாக்கச் சொன்னாரு. கெட்டதெல்லாம் யாரால ஆரம்பிச்சதுன்னா அந்த டீச்சரம்மாவால. ஸ்டெல்லா டீச்சர், சாரோட சம்சாரம். அவங்களுக்கு அடுப்பங்கரை மேடை எம்புட்டு உசரம்னு தெரியணுமாம். முட்டி வலியாம். எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாச் சொல்லப்போறேன். சனிக்கிழமை மத்தியானம் அவங்கபாட்டுக்கு ஆட்டோ பிடிச்சு வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டியிருக்காங்க. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்ல. இந்திராணிதான் திறந்திருக்கா.

இது பின்னால டீச்சரம்மாவே எனக்குச் சொன்னது. அவ கதவைத் திறந்ததும், "நான் ஸ்டெல்லா டீச்சர். நீங்கதான் வாடகைக்கு இருக்கிறதா? தப்பா நெனைக்காதம்மா, நாங்க இந்த வீட்டை வாங்கப்போறோம். பரீட்சை நேரத்துல வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவீங்கன்னு எனக்கு ஒரே சங்கடமா இருக்கு. வேற வீடு பாத்துட்டீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க.

வேற பொம்பளையா இருந்தா என்ன பண்ணியிருப்பா? நான்தான்டி ஓனருன்னு ஆடியிருப்பா. என் பொண்டாட்டி, "உள்ள வாங்க டீச்சர், காபி குடிக்கிறீங்களா?"ன்னிருக்கா. அடுப்புல பாலை வச்சிட்டு, ஏதோ ஊர்க்கதை கேக்கிற மாதிரி, "ஓனரம்மா எவ்வளவு சொல்றாங்க?"

"நாப்பத்தொண்ணும்மா. குறையவே மாட்டேங்கிறாங்களாம்."

"அப்படியா. சீனி போதுமா பாருங்க டீச்சர்."

அந்நேரத்துக்குத்தான் நான் உள்ள நுழையறேன். செருப்பைக் கழட்டிட்டு நிமிந்தா, ஓனர் பார்ட்டியும் வாங்குற பார்ட்டியும் எதிரெதிரா உக்காந்து காபி குடிக்குது! பாம்பு ரெண்டு பிணைஞ்சு கிடக்கிறதைப் பாத்திருந்தாக்கூட அப்படி வேர்த்திருக்காது.

டீச்சர் சிரிச்சுக்கிட்டே, "இந்தா, வந்துட்டாரே. இவருதாம்மா புரோக்கர்"ன்னாங்க.

இந்திராணி என்னை ஏறிட்டுப் பாத்தா. "தெரியும் டீச்சர். இங்க அடிக்கடி வருவாரு"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். டீச்சரைத்தான் கத்தினேன். "யாரைக் கேட்டு வந்தீங்க? புரோக்கருக்குத் தெரியாம பார்ட்டி வீட்டுக்குள்ள வர்றது எந்த ஊரு நியாயம்? படிச்சவங்கதான நீங்க?" அந்தம்மா காபியைப் பாதியில வச்சிட்டுப் போயிட்டாங்க. வாசல் தாண்டுறப்ப சுவத்துல மாட்டியிருந்த எங்க கல்யாண போட்டோவைப் பாத்துட்டு ஒரு நிமிசம் நின்னாங்க. அதைக் கழட்டி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. காசிராஜனா இருந்தா கழட்டியிருப்பான்.

இந்திராணி சண்டை போடுவான்னு இடுப்பு வேட்டிய இறுக்கிக்கிட்டு நிக்கிறேன். அவ, "ஏழு லட்சம்"னா. அம்புட்டுத்தான். அப்புறம், "என்கிட்ட கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேனே"ன்னா.

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு பிச்சைடி. நான் சம்பாதிக்கணும்னு பாத்தேன்"னேன். சரிதான தம்பி நான் சொன்னது? ஒரு ஆம்பளைக்கு ரோசம் வேண்டாமா?

அதுவரைக்கும் உள்ள இருந்த ஓவியா நிலைப்படியில வந்து நின்னு, "இதுக்கு முன்னாடி ஒரு தாத்தா வந்து பாத்தாரும்மா. அப்பா என்னை வாடகைக்காரங்க பொண்ணுன்னாரு"ன்னு சொல்லிருச்சு. சொல்லிட்டு அழுவுது. இந்நேரம் வரைக்கும் சும்மா இருந்துட்டு இப்பச் சொல்லணுமா அது? இந்திராணி அந்தப் புள்ளையக் கட்டிக்கிட்டா. காபி டம்ளரையெல்லாம் எடுத்துக் கழுவிக் கவுத்தினா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசவே இல்ல. ஏழு லட்சத்துக்குக்கூட ஒரு வார்த்தை பேசினா. ஒரு சின்னச் சொல்லுக்குப் போயி ஊமையாயிட்டா. பொம்பளைக மனசு எதுல எம்புட்டுக்கு நிக்கும்னு இன்னைய வரைக்கும் எனக்கு விலை போடத் தெரியல.

நான் சும்மா இருப்பேனா? என்னைத் தாண்டி ஒரு டீல் நடந்துருமான்னு ஒரு வெறி. அடுத்தடுத்து வேற பார்ட்டிகளைக் கூட்டிட்டு வந்தேன். நாப்பத்திரெண்டு வரைக்கும் பேசிக்கூட வச்சேன். ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன் ஒருநாள், கேட்டுல ஒரு தகரம் தொங்குது. சிவப்புப் பெயின்ட்டு. 'இந்த வீடு விற்கப்பட்டுவிட்டது. புரோக்கர்கள் உள்ளே வர வேண்டாம்.' ஓவியா கையெழுத்து. அந்தப் புள்ளைக்கு எழுத்து முத்து முத்தா இருக்கும். என் கையில வீட்டுச் சாவி இருக்கு தம்பி. சாவிய வச்சுக்கிட்டு அந்தத் தகரத்துக்கு முன்னாடி நிக்கிறேன். கூட வந்தவன் கேக்கிறான், "என்னண்ணே, உங்களைத்தான போட்டிருக்கு?"

அவனை ஒரு அறை விட்டேன். அது தப்புத்தான். அவன் பார்ட்டி.

ஒரு கேள்வி நாக்கு நுனியில வச்சிருக்கீங்கன்னு முகத்துலயே தெரியுது. மன்னிப்புக் கேட்டியான்னுதான? எதுக்குக் கேக்கணும்? கஷ்டப்பட்டது நானு. பார்ட்டியப் பிடிச்சது நானு. அவதான் குறுக்க பூந்து என் தொழிலைக் கெடுத்தது.

இந்திராணியும் ஆசீர்வாதம் சாரும் நேருக்கு நேராப் பேசிப் பத்திரம் முடிக்கிறாங்கன்னு காசிராஜன்தான் போன் போட்டான். பத்திர ஆபீஸ் வாசல்லயே குடியிருக்கிறவன் அவன். "டேய் தவசி, உன் வீடு போகுதுடா"ன்னான். வண்டியில பெட்ரோல் இல்ல. ஓடுனேன். வேர்த்து விறுவிறுத்துப் போயி நிக்கிறேன், பத்திரம் எழுதுறவர் கடையில எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஆசீர்வாதம் சாரு, டீச்சரம்மா, இந்திராணி. நாலு சேர் போட்டிருந்தாங்க, நாலாவதுல டீச்சரம்மாவோட பை இருந்துச்சு.

விலை என்னன்னு கேட்டேன். நாப்பதாம்! நாப்பத்தொண்ணுக்கு ஒத்துக்கிட்ட ஆளுக்கு, அவரு கேக்காமயே ஒண்ணைக் குறைச்சிருக்கா. புள்ளைக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் வீட்டுல இருந்துக்கங்கன்னு டீச்சர் சொன்னாங்களாம், அதுக்காகவாம். முன்பின் தெரியாதவனுக்கு ஒரு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தா எனக்கு எப்படியிருக்கும்? சேவுகனையும் அன்னைக்குக் காலையிலயே வரச்சொல்லி அட்வான்ஸ் பணத்துல என் கடனை அடைச்சிட்டா. வட்டியோட, பைசா குறையாம. என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா அழுது புரண்டாவது அம்பதாயிரத்தைக் குறைச்சிருப்பேன். பேரம் பேசத் தெரியாத பொம்பளை கையில பணம் இருந்தா இப்படித்தான்.

எழுத்தர் பத்திரத்தைச் சத்தமா வாசிச்சாரு. "காத்தமுத்து மகள் இந்திராணி..." "யோவ் நிறுத்துய்யா"ன்னேன். "தவசிலிங்கம் மனைவின்னு போடணும்ல? தப்பா அடிச்சிட்டு வாசிக்க வேற செய்யிறியா?" அந்தாளு கண்ணாடிய இறக்கி இந்திராணியப் பாத்தாரு. அவ, "சரியாத்தான் இருக்கு, மேல வாசிங்க"ன்னா.

எனக்குச் சண்டை வேணும் தம்பி. அன்னைக்கி அந்த நிமிசம், எனக்கு வேற எதுவும் வேண்டாம், ஒரு சண்டை வேணும். மேசையில அடிச்சேன். "எல்லாம் சரி. பார்ட்டியக் கொண்டாந்தது யாரு? எங்க என் கமிஷன்? ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. எடுத்து வைங்க"ன்னேன். கடையில இருந்தவன், ஜெராக்ஸ் எடுக்கிறவன், எல்லாரும் திரும்பிப் பாக்கிறான். ஆசீர்வாதம் சார் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "தம்பி, அது உங்க வீடுய்யா"ன்னாரு. அவரு குரலே எனக்குப் பிடிக்கல. "வீடு வேற, தொழில் வேற சார்"னேன்.

இந்திராணி சொன்னா, "கொடுத்துருங்க சார். கூட்டிட்டு வந்தது அவருதான். நியாயந்தான்." சாரு கவர்ல போட்டுக் கொடுத்தாரு. அவ அவளோட பையத் திறந்தா. காபிப்பொடி விளம்பரம் போட்ட மஞ்சப்பை. அதுலேருந்து கட்டை எடுத்து ரெண்டு பர்சென்ட்டுக்கு உண்டானதை எண்ணி மேசையில வச்சா.

இந்தத் தொழில்ல எந்த ஓனரும் முழுக் கமிஷன் கொடுத்து நான் பாத்ததில்ல, கேட்டதில்ல. கஞ்சனும் கோடீஸ்வரனும் ஒண்ணுதான், "கொஞ்சம் பாத்துச் செய்யிங்கண்ணே"ன்னுதான் ஆரம்பிப்பான். அதுக்கு ஒரு பதில் சொல்லி, அவன் ஒண்ணு சொல்லி, அப்படியே பேச்சு வளரும். இவ ஒரு ரூபா குறைச்சுக்கச் சொல்லல.

"ரெண்டு பத்தாது"ன்னேன். "மூணு."

டீச்சரம்மா, "அய்யோ ஏசப்பா"ன்னாங்க. எனக்குத் தெரியும் தம்பி, மூணு அநியாயம். எந்த ஊருலயும் இல்லாதது. யாரா இருந்தாலும் கொதிச்சுப் போயி, "என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்க?"ன்னு எந்திரிச்சிருவான். அவளும் எந்திரிப்பா, கத்துவா, வாசல் வரைக்கும் நாறும், அப்புறம் நான் இறங்கி வருவேன். ரெண்டுன்னு வருவேன், ஒண்ணரைன்னு வருவேன், கேட்டா ஒண்ணுமே வேண்டாம்னு வந்திருப்பேன். பேரம்னா அதுதான? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் போக முடியாம நிக்கிறதுதான பேரம்?

அவ மறுபடியும் பைக்குள்ள கைய விட்டா. எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளா எண்ணினா. எண்ணி, முதல் கட்டு மேல நேரா வச்சு, என் பக்கமாத் தள்ளினா. "சரியா இருக்கா பாத்துக்கங்க சார்"னு சொல்லிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்துக்கிட்டா.

பரீட்சை முடிஞ்சதும் புள்ளையக் கூட்டிட்டு எங்கயோ மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாளாம். எந்த ஊருன்னு டீச்சரம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறாங்க.

இந்தா, டிரைவர் ஏறிட்டாரு. நீங்க பேப்பரை மடிச்சு வைங்க, காத்துல பறக்கும்.

என்ன, அந்தப் பணமா? எடுத்துக்கிட்டேன். என்னோட முதல் டீல்ல அது, விட்டுட்டா வர முடியும்? அங்கயே நின்னு எண்ணிப் பாத்தேன். எல்லாரும் பாக்கப் பாக்க ரெண்டு தடவை எண்ணினேன். ஒரு தாளாவது குறையாதா, அதைச் சொல்லி அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டமான்னு பாத்தேன்.

சரியா இருந்துச்சு தம்பி.